வார்ப்புக்குள் ஒளிந்த குமிழி

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், திருப்பெரும்புதூரை நெருங்கும்போது பென்னலூர் என்னும் ஊர் வருகிறது. ஒருபுறம் இருங்காட்டுக்கோட்டை, இன்னொரு புறம் ஒரகடம். ஏரிப்பாசன வயல்கள் நிறைந்திருந்த இந்த வட்டாரத்தில் இன்று மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளும், அவற்றுக்கு உதிரி உறுப்புகள் செய்து தரும் பட்டறைகளும் நிறைந்திருக்கின்றன.

சென்ற ஐப்பசி மாதத்தில் ஒருநாள், எங்கள் கல்லூரி இயற்பியல் மாணவர்கள் சிலரை இப்பகுதியிலுள்ள சிறிய அலுமினிய வார்ப்புப் பட்டறை ஒன்றுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. உள்ளே உலையில் உலோகம் வெள்ளிக் குழம்பாகத் தகதகத்தது. ஒரு மூலையில், ஆகாதவை என்று ஒதுக்கப்பட்ட வார்ப்புகள் குவிந்து கிடந்தன. அவற்றுள் ஒன்றை வாளால் அறுத்துக் காட்டினார்கள். வெளியே குறையேதும் தெரியாத அந்த உறுப்பின் உள்ளே, குண்டூசித் தலையளவில் சில வட்டத் துளைகள் இருந்தன. வேறோரிடத்தில் உலோகம் கடற்பஞ்சு போல் அரித்துக் கிடந்தது. பட்டறை வழக்கில் இதற்குப் 'புளோ ஹோல்' என்று பெயர்.

உலையருகே நின்ற பெரியவர், இருபது ஆண்டுகளுக்கு மேல் உலோகம் உருக்கிப் பழகியவர், எங்களிடம் சொன்னார்: "ஐப்பசி, கார்த்திகை வந்தா இந்தக் குவியல் பெருசாயிடும் சார். மழைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனா சம்பந்தம் இருக்கு." சற்று நேரம் கழித்து அவரே மீண்டும் சொன்னார்: "நல்ல வெயில் நாள்லயும் சில சமயம் ஓட்டை விழுது. அதுதான் பிடிபட மாட்டேங்குது."

எழுநூறு பாகை வெப்பத்தில் கொதிக்கும் உலைக்குள் மழை எப்படி நுழையும்? வெயில் நாளில் வரும் ஓட்டைக்கு யார் பொறுப்பு? இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண அறிவியலுக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. அந்த வரலாற்றைத்தான் இங்கே காணப்போகிறோம்.

ஒரு துளையின் விலை

துளை சிறியதுதானே, அதனால் என்ன கெட்டுவிடும் என்று சிலர் கருதலாம். இழுவிசைக்கு உட்பட்ட ஒரு தகட்டில் சிறு வட்டத் துளை ஒன்று இருந்தால், அதன் விளிம்பில் தகைவு மூன்று மடங்காகும் என்பது பொறியியல் மாணவர்கள் அறிந்த பாடம். துளை வட்டமாக இல்லாமல் கூரிய முனைகளுடன் இருந்தால் தகைவு இன்னும் மிகும். மீண்டும் மீண்டும் சுமை ஏறி இறங்கும் உறுப்பில், அம்முனையிலிருந்துதான் விரிசல் புறப்படும். பிரேக்குக் கருவியின் உடற்பகுதியிலோ சக்கரத்திலோ அத்தகைய விரிசல் தோன்றினால் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெயோ காற்றோ அடைபட்டிருக்க வேண்டிய உறுப்பாயின், துளைகள் ஒன்றோடொன்று தொடர்புகொண்டு கசிவுக்கு வழிசெய்யும்.

இதைவிடத் தொல்லை தருவது துளை மறைந்திருப்பதே. உறுப்பை வார்த்து, பிசிறு நீக்கி, கடைசல் எந்திரத்தில் ஏற்றி, மேற்பரப்பைச் சீவிய பிறகுதான் பல நேரங்களில் அது வெளிப்படுகிறது. அதுவரை செய்த வேலையெல்லாம் வீண். மீண்டும் உருக்கிக்கொள்ளலாமே என்றால், ஒரு கிலோ அலுமினியத்தை அறை வெப்பநிலையிலிருந்து 700 பாகை செல்சியசுக்குக் கொண்டுசெல்லக் கொள்கையளவிலேயே சுமார் 0.3 யூனிட் ஆற்றல் வேண்டும். உலையின் இழப்புகளைச் சேர்த்தால் செலவு இன்னும் கூடும். சிறிய பட்டறையின் இலாபம் முழுவதும் அந்த மூலைக் குவியலில் போய்விடக்கூடும். அத்துடன், அன்றைய ஷிப்டில் வேலை பார்த்தவர் மீது பழியும் விழும்.

தட்டும் உலோகம், வார்க்கும் உலோகம்

மனித குலம் செம்பையும் வெண்கலத்தையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வார்த்து வந்திருக்கிறது. அலுமினியமோ நேற்றுப் பிறந்த உலோகம். 1825-இல் டென்மார்க்கு நாட்டு அறிஞர் எர்ஸ்டெட் அதை முதன்முதலில் பிரித்தெடுத்தார். அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் அது அரும்பொருளாகவே இருந்தது. 1884-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் பொருத்துவதற்காக, சுமார் 2.8 கிலோ எடையுள்ள ஒரு சிறு அலுமினியக் கூம்பை வில்லியம் பிரிஷ்மத் என்பவர் வார்த்தார். உயரம் 23 சென்டிமீட்டருக்கும் குறைவு. அதையும் பல ஏமாற்றங்களுக்குப் பின்பே குறையின்றி வார்க்க முடிந்தது என்று அவர் தெரிவித்தார். இந்த உலோகத்தை வார்ப்பது எளிதன்று என்பதற்கு இது ஒரு முன்னறிவிப்பு.

1886-இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் தனித்தனியே மின்னாற்பகுப்பு முறையைக் கண்டறிந்தனர். விலை சரிந்தது, அலுமினியம் பொதுமக்களின் கைக்கு வந்தது. சென்னைக்கும் வந்தது. பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆல்பிரட் சாட்டர்டன், 1898-இல் சென்னைக் கலைப் பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். 1900-இல் இதற்கெனச் சென்னையில் இந்தியன் அலுமினியம் கம்பெனி அமைந்தது. 1903-இல் பள்ளியின் அலுமினியப் பிரிவு தனியார் கைக்கு மாறியது. நம் வீடுகளில் புழங்கும் அலுமினியப் பாத்திரங்களின் தொடக்கம் இதுவே.

பாத்திரத் தொழிலில் முதன்மையானது தகடு. தகட்டை உருட்டும்போதும் தட்டும்போதும் உள்ளிருக்கும் சிறு துளைகள் பெரும்பாலும் நசுங்கிவிடும். ஆதலால் துளைச் சிக்கல் அங்கே பெரிதாகத் தலைகாட்டவில்லை. தட்டிச் செய்ய இயலாத சிக்கலான வடிவங்களை, அதாவது எஞ்சின் உறுப்புகளை, அலுமினியத்தில் செய்ய முற்பட்டபோதுதான் தொல்லை தொடங்கியது. 1903-இல் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானத்தின் எஞ்சின் கூடு, 8 சதவீதம் செம்பு கலந்த அலுமினிய வார்ப்பே. அதன்பின் விமானமும் மோட்டார் வண்டியும் வளர வளர, வார்ப்பின் தேவையும் வளர்ந்தது. உடன் துளைகளும் வந்தன.

முதல் குற்றவாளி: சுருக்கம்

துளைக்குக் காரணம் எது? முதலில் பட்டறைக்காரர்கள் சுட்டிக்காட்டியது உலோகத்தின் சுருக்கத்தை. நீர் உறையும்போது விரிகிறது. ஆனால் பெரும்பாலான உலோகங்கள் உறையும்போது சுருங்குகின்றன. தூய அலுமினியம் உறையும்போது அதன் பருமன் ஆறு முதல் ஏழு சதவீதம் வரை குறைகிறது. அச்சின் ஓரங்கள் முதலில் உறைந்து கெட்டியாகிவிட்டால், நடுவில் சிக்கிய திரவம் சுருங்கும்போது அந்த வெற்றிடத்தை நிரப்ப உலோகம் எங்கிருந்து வரும்? வராவிடில் அங்கே துளைதான் மிஞ்சும். பஞ்சு போல அரித்துக் காணப்படும் துளைகள் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை.

இதற்கு மாற்று உலோக வார்ப்பர்கள் முன்பே அறிந்ததுதான். அச்சின் தடித்த பகுதிக்கு மேல் ஒரு கூடுதல் உலோகத் தேக்கம் வைப்பார்கள். இதற்கு 'ரைசர்' என்று பெயர். அது கடைசியாக உறையும்; அதுவரை வார்ப்புக்கு உலோகத்தை ஊட்டிக்கொண்டிருக்கும். பின்பு அதை அறுத்து எடுத்துவிடலாம்.

உலோகக் கலவையின் வழியாகவும் ஓர் உதவி கிடைத்தது. சிலிக்கன் உறையும்போது விரியும் இயல்புடையது. அதை அலுமினியத்தில் கலந்தால் மொத்தச் சுருக்கம் குறைகிறது. குழம்பும் நன்றாக ஓடுகிறது. ஆனால் 12 சதவீதம் அளவுக்குச் சிலிக்கன் சேர்ந்த கலவையில் சிலிக்கன் பெரிய ஊசிகளாகப் படிகமாகி, வார்ப்பை நொறுங்கச் செய்தது. 1920-ஐ ஒட்டி, அலடார் பாக்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் சிறிதளவு சோடியம் சேர்த்தால் அந்த ஊசிகள் நுண்ணிய இழைகளாகிவிடுவதைக் கண்டார். இன்று உலகில் வார்க்கப்படும் அலுமினியத்தில் மிகப் பெரும் பகுதி சிலிக்கன் கலந்ததே. நம் பட்டறைகளில் வழங்கும் எல்எம்-6, ஏடிசி-12 ஆகியவை இக்குடும்பத்தைச் சேர்ந்தவை.

ரைசர் வைத்தாயிற்று, சிலிக்கன் சேர்த்தாயிற்று. ஆயினும் வட்டத் துளைகள் போகவில்லை. அப்படியானால் இன்னொரு குற்றவாளி இருக்க வேண்டும்.

இரண்டாம் குற்றவாளி: கரைந்த வாயு

இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆர்ச்பட் என்பவர் 1925-இல் ஒரு விந்தையான முறையை வெளியிட்டார். உருக்கிய அலுமினியத்தை உடனே வார்க்காமல், மூசையிலேயே மெதுவாக உறையவிட வேண்டும். பிறகு மீண்டும் உருக்கி வார்க்க வேண்டும். அப்படிச் செய்தால் துளைகள் வெகுவாகக் குறைந்தன. இதன் பொருள் என்ன? உலோகத்துக்குள் ஏதோ ஒரு வாயு கரைந்திருக்கிறது. மெதுவாக உறையும்போது அது வெளியேறிவிடுகிறது. அந்த வாயு ஹைட்ரஜன் என்பது படிப்படியாக உறுதியாயிற்று.

காற்றில் நைட்ரஜனும் ஆக்சிஜனும்தானே மிகுதி. ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது? நீராவியிலிருந்து வந்தது. உருகிய அலுமினியத்துக்கு ஆக்சிஜன் மீது அளவு கடந்த நாட்டம். நீராவி அதைத் தொட்டவுடன் நீரிலுள்ள ஆக்சிஜனைப் பறித்துத் தானே அலுமினிய ஆக்சைடாகிவிடுகிறது. தனித்து விடப்பட்ட ஹைட்ரஜன் அணுக்கள் குழம்புக்குள் கரைந்துவிடுகின்றன. உலை எவ்வளவு சூடாக இருந்தாலும் இது நின்றுவிடாது. சொல்லப்போனால், சூடு ஏற ஏறக் கரையும் அளவு மிகுகிறது.

எவ்வளவு கரையும் என்பதை 1948-இல் ரான்ஸ்லி, நியூபெல்டு ஆகிய இருவரும் துல்லியமாக அளந்து வெளியிட்டனர். வளிமண்டல அழுத்தமுள்ள ஹைட்ரஜனுடன் சமநிலையில், 660 பாகையில் 100 கிராம் திரவ அலுமினியம் 0.69 கன சென்டிமீட்டர் ஹைட்ரஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அதே வெப்பநிலையில் திட அலுமினியமோ 0.036 கன சென்டிமீட்டர்தான் ஏற்கும். அதாவது உறையும் அந்த ஒரே நொடியில், கரைந்த வாயுவில் இருபதில் பத்தொன்பது பங்குக்கு இடமில்லாமற் போகிறது.

மாணவர்களுக்காக ஒரு சிறு கணக்குப் போடுவோம். வெளியேறும் வாயு சுமார் 0.65 கன சென்டிமீட்டர். இது 0 பாகையில் அளந்த பருமன். 660 பாகையில், அதாவது 933 கெல்வினில், சார்லஸ் விதிப்படி இது 933/273 மடங்கு விரிந்து 2.2 கன சென்டிமீட்டர் ஆகும். 100 கிராம் அலுமினியத்தின் பருமனோ 37 கன சென்டிமீட்டர். ஆகவே வாயு முழுவதும் குமிழிகளாக உள்ளேயே தங்கினால், வார்ப்பில் 6 சதவீதம் வெறும் துளையாக இருக்கும்! நடைமுறையில் குழம்பில் இருக்கும் ஹைட்ரஜன் இந்த உச்ச அளவைவிடக் குறைவே. எனினும் அதில் ஒரு சிறு பங்கே போதும், நல்ல வார்ப்பைக் கெடுக்க.

இனி, பென்னலூர்ப் பெரியவரின் முதல் கேள்விக்கு விடை கூறலாம். இங்கிலாந்தின் குளிர்காலத்தில், 5 பாகை வெப்பநிலையில், ஒரு கன மீட்டர் காற்றில் 6 கிராம் அளவுக்கு நீராவி இருக்கும். ஐப்பசி மழை நாளில் நம் காற்றின் வெப்பநிலை 30 பாகை, ஈரப்பதம் 80 சதவீதம் என்று கொண்டால், ஒரு கன மீட்டரில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். நான்கு மடங்கு! உலோகத்தில் கரையும் ஈரணு வாயுவின் அளவு அதன் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பது சீவர்ட்ஸ் விதி. வாயு மூலக்கூறு இரண்டு அணுக்களாகப் பிரிந்து கரைவதே இதற்குக் காரணம். ஆகவே நீராவி நான்கு மடங்கானால், ஹைட்ரஜன் தோராயமாக இரண்டு மடங்காகும். வகுப்பில் கரும்பலகையில் எழுதி அழித்துவிடும் இந்த விதி, பட்டறை மூலையில் குவியலாகக் கிடப்பதை அன்றுதான் என் மாணவர்கள் கண்டார்கள்.

காற்று மட்டுமா ஈரத்தைக் கொண்டுவருகிறது? மழையில் நனைந்த பாளங்கள், எண்ணெய்ப் பிசுக்குள்ள கழிவுத் துண்டுகள், காயாத கரண்டி, ஈரம் உறிஞ்சிய உப்புப் பொடி, புதிதாகப் பூசிய உலைச்சுவர் ஆகிய அனைத்தும் ஹைட்ரஜனின் வாயில்களே. உலையில் எரியும் எண்ணெயும் எரிவாயுவும்கூட எரியும்போது நீராவியை உண்டாக்குகின்றன. குறைக்க வேண்டுமானால் இந்த வாயில்களை ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும்.

சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகு வார்ப்பில், மண் அச்சை நன்றாகக் காயவைத்து, சுட்டு, மெழுகை வெளியேற்றி, அச்சு சூடாக இருக்கும்போதே வெண்கலக் குழம்பை ஊற்றுவதை நாம் அறிவோம். உருகிய செம்பும் ஹைட்ரஜனைக் கரைக்கக்கூடியதே. ஈரம் வார்ப்பின் பகை என்பதை அவர்கள் வாய்பாடு இல்லாமலேயே அறிந்திருந்தார்கள்.

தமிழகத்தில் அலுமினிய வார்ப்பு

இந்த அறிவு நம் நாட்டுக்குத் தேவைப்பட்டது எப்போது? 1943-இல் கேரளத்தின் ஆலுவாயில்தான் இந்தியாவில் முதன்முதலாக அலுமினியம் பிரித்தெடுக்கப்பட்டது. 1949-இல் சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் நிறுவனம் தோன்றியது. எஞ்சினின் அலுமினிய உறுப்புகளில் பிஸ்டனைப் போல் வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாங்குவது வேறில்லை. 1955-இல் திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழில் தொடங்கியது. 1962-இல் பிரேக்குக் கருவிகளுக்காகச் சுந்தரம் கிளேட்டன் நிறுவப்பட்டது. பாடியிலிருந்த அதன் ஆலை அலுமினிய வார்ப்பிலும் பெயர் பெற்றது. 1965-இல் சேர்வராயன் மலைப் பாக்சைட்டைக் கொண்டு மேட்டூரில் மால்கோ அலுமினிய உற்பத்தியைத் தொடங்கியது; அந்த உருக்காலை 2008-இல் நிறுத்தப்பட்டது.

1996-இல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. 1998-இல் அதன் முதல் கார் வெளிவந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. 2013-இல் என்பீல்டும் ஒரகடத்தில் புது ஆலை கண்டது. இவ்வாறு, கடலோர ஈரக் காற்றும் வடகிழக்குப் பருவமழையும் உள்ள ஒரு வட்டாரத்திலேயே நாம் அலுமினிய வார்ப்புத் தொழிலைப் பெருக்கியிருக்கிறோம். ஹைட்ரஜனுடன் போராடுவது இங்கே அன்றாடக் கடமை.

வாயுவை விரட்டும் வழிகள்

ஆர்ச்பட் முறையில் எரிபொருள் இருமுறை செலவாகும், நேரமும் வீணாகும். அதனால் குழம்பினுள் வேறொரு வாயுவைக் குமிழிகளாகச் செலுத்தும் முறை வந்தது. குமிழிக்குள் தொடக்கத்தில் ஹைட்ரஜன் இல்லை. ஆகையால் கரைந்திருக்கும் ஹைட்ரஜன் அதனுள் பரவி, அதனோடு மேலே வந்து வெளியேறிவிடும். முதலில் இதற்குக் குளோரினைப் பயன்படுத்தினார்கள். அது நன்றாக வேலை செய்தது; ஆனால் நச்சு வாயு. பின்பு, குழம்புக்குள் அமிழ்த்தினால் குளோரின் சேர்மங்களை வெளியிடும் ஹெக்சாகுளோரோஈத்தேன் வில்லைகள் வந்தன. அவை எளியவை, மலிவானவை. ஆனால் அந்தப் புகையை உள்ளிழுத்தவர்கள் உலையருகே நின்ற தொழிலாளர்கள். வார்ப்பின் நலத்துக்கு மனிதனின் நுரையீரலை விலையாகக் கொடுத்த காலம் அது. ஐரோப்பிய நாடுகள் பிற்காலத்தில் இவ்வில்லைகளைக் கட்டுப்படுத்தின.

நைட்ரஜனோ ஆர்கானோ தீங்கற்றது. ஆனால் ஒரு குழாயின் வழியே விட்டால் பெரிய குமிழிகளாக விரைந்து மேலேறிவிடும். 1970-களிலிருந்து பரவிய சுழல் கருவி இக்குறையைத் தீர்த்தது. காரீயகத்தாலான தண்டும் சுழலியும் குழம்புக்குள் சுழன்று வாயுவை நுண்குமிழிகளாகச் சிதறடிக்கின்றன. 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழியை 1 மில்லிமீட்டர்க் குமிழிகளாகப் பிரித்தால், அதே வாயுவுக்கு மேற்பரப்பு பத்து மடங்காகிறது. அவை மெதுவாக ஏறுவதால் நேரமும் கூடுதலாகக் கிடைக்கிறது. ஆனால் சுழற்சி மிகுந்து குழம்பில் சுழி விழுந்தால், அது ஈரக் காற்றை உள்ளே இழுத்துவிடும். விரட்டிய வாயு வேறு வழியாக வந்து சேர்ந்துவிடும்.

வாயு போயிற்றா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு சிறு கிண்ணங்களில் குழம்பை எடுத்து, ஒன்றைத் திறந்த காற்றிலும் மற்றதைக் குறைந்த அழுத்தத்திலும் உறையவிடுவார்கள். குறைந்த அழுத்தத்தில் குமிழிகள் பெருக்கும். இரண்டின் அடர்த்தியையும் ஆர்க்கிமிடீஸ் முறையில் நீரில் நிறுத்து அளந்து ஒப்பிடுவார்கள். காற்றில் உறைந்தது 2.65, மற்றது 2.52 என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு ஏறத்தாழ 5 சதவீதம். இந்த எண் சிறிதாக இருந்தால் குழம்பு நல்லது. ஒரு தராசும் ஒரு சிறு வெற்றிட எக்கியும் இருந்தால் போதும். சிறிய பட்டறையும் இதைச் செய்யலாம்.

இதற்கிடையே வேறொரு முறையும் வளர்ந்தது. எஃகு அச்சுக்குள் குழம்பை மிகுந்த அழுத்தத்தில் செலுத்தும் 'டை காஸ்டிங்' முறை, ஒரு நாளில் ஆயிரக்கணக்கான உறுப்புகளைத் தந்தது. ஆனால் குழம்பு அச்சின் வாயிலில் நொடிக்கு 30 முதல் 60 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. அச்சிலிருந்த காற்று வெளியேற நேரமின்றி உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. இவ்வாறு, வேகத்தைத் தேடிய தொழில் புதுவகைத் துளை ஒன்றை உண்டாக்கிக்கொண்டது. இத்தகைய உறுப்பை வலுவூட்டுவதற்காகச் சூடாக்கினால், அடைபட்ட காற்று விரிந்து மேற்பரப்பில் கொப்புளம் போடும். பாய்ச்சுவதற்கு முன் அச்சிலிருந்து காற்றை எக்கி எடுப்பதும், பாய்ச்சிய பின் கடும் அழுத்தத்தால் எஞ்சிய துளைகளை நசுக்குவதும் இதற்குக் கண்ட மாற்றுகள்.

மூன்றாம் குற்றவாளி: மடிந்த ஏடு

சுருக்கமும் தெரிந்தது, வாயுவும் தெரிந்தது. ஆனால் இயற்பியல் ஒரு தடையை எழுப்பியது. திரவத்துக்குள் ஒரு குமிழி புதிதாகத் தோன்ற வேண்டுமானால், அது பரப்பு இழுவிசையை வெல்ல வேண்டும். அதற்குத் தேவையான அழுத்தம், பரப்பு இழுவிசையின் இரு மடங்கை ஆரத்தால் வகுத்துக் கிடைப்பது. உருகிய அலுமினியத்தின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 0.9 நியூட்டன். ஒரு நானோமீட்டர் ஆரமுள்ள குமிழிக்குக் கணக்கிட்டால், ஏறத்தாழ 18,000 வளிமண்டல அழுத்தம் வேண்டும்! கரைந்த ஹைட்ரஜனால் இதைத் தர இயலாது. எனில், குமிழி எப்படிப் பிறக்கிறது?

கோலி சோடாவில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுப் பாருங்கள், பொங்கி வழிகிறது. உப்புத் துகளின் இடுக்குகள் குமிழி தோன்ற இடம் தருகின்றன. அலுமினியக் குழம்பிலும் அத்தகைய இடுக்கு ஏதோ இருக்க வேண்டும். இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் கேம்பெல் இதற்கு விடை அளித்தார். 1991-இல் வெளிவந்த அவரது வார்ப்பியல் நூல் பெரிதும் பேசப்பட்டது. குழம்பின் மேற்பரப்பில் எப்போதும் மெல்லிய ஆக்சைடு ஏடு படிந்திருக்கும். பாலேட்டைப் போன்ற இந்த ஏடு, குழம்பு கலங்கும்போது மடிந்து உள்ளே போய்விடுகிறது. மடிந்த இரு ஏடுகளும் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. நடுவே காற்றிடுக்கு இருக்கிறது. இது பிறவியிலேயே ஒரு விரிசல். ஹைட்ரஜன் அதற்குள் புகுந்து அதை ஊதிப் பெரிதாக்குகிறது; சுருக்கம் அதை இழுத்துத் திறக்கிறது.

ஏடு மடியாமல் இருக்க, அச்சுக்குள் நுழையும் குழம்பின் வேகம் நொடிக்கு அரை மீட்டரைத் தாண்டக்கூடாது என்று கேம்பெல் காட்டினார். அரை மீட்டர் வேகத்தை எட்ட எவ்வளவு உயரத்திலிருந்து விழ வேண்டும்? வேகத்தின் வர்க்கத்தை ஈர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கால் வகுத்தால் விடை 1.3 சென்டிமீட்டர். ஒரு விரல் அகலம்கூட இல்லை! ஊற்றும் கரண்டியைச் சற்று உயரத் தூக்கினாலே வரம்பு மீறிவிடுகிறது. இங்கிலாந்தின் காஸ்வர்த் முறையில் குழம்பை மேலிருந்து ஊற்றாமல், மின்காந்த எக்கியால் அச்சின் அடியிலிருந்து அமைதியாக மேலேற்றியதன் காரணம் இதுவே. கார்ச் சக்கரங்களைக் குறைந்த அழுத்தத்தில் கீழிருந்து நிரப்பி வார்ப்பதும் இந்த வழியைச் சேர்ந்ததே.

பெரியவரின் இரண்டாவது கேள்விக்கும் இங்கே விடை கிடைக்கிறது. வெயில் நாளில் ஈரம் குறைவு; ஆனால் அன்று யாரோ அவசரத்தில் கரண்டியை உயர்த்தி ஊற்றியிருக்கலாம்; கழிவுத் துண்டுகளைக் கூடுதலாகச் சேர்த்திருக்கலாம். மடிந்த ஏடுகள் மிகுந்திருந்தால், கொஞ்சம் ஹைட்ரஜனே துளைக்குப் போதும்.

வரலாறு தரும் பாடம்

ஒரு துளைக்கு மூன்று காரணங்கள். சுருக்கம் இடம் கேட்கிறது. வாயு அதை நிரப்புகிறது. மடிந்த ஏடு வாசல் திறக்கிறது. ஒவ்வொரு காலத்தவரும் தாம் கண்ட காரணமே முழுக்காரணம் என்று எண்ணினார்கள். ஒவ்வொரு மருந்தும் ஒரு புது நோயையும் கொண்டுவந்தது. வாயுவை விரட்டச் சுழற்றினால் ஏடு மடிகிறது. சிலிக்கனைச் சீராக்கச் சோடியம் சேர்த்தால் வாயுத் துளை மிகும் போக்கு உண்டு. வாயுவை முற்றிலும் நீக்கினால், பரவலாகச் சிதறியிருந்த சிறு துளைகளுக்குப் பதில் ஓரிடத்தில் பெரிய சுருக்கக் குழி விழலாம். அதனால் சில வார்ப்பர்கள் சிறிதளவு வாயுவை வேண்டுமென்றே விட்டுவைப்பதும் உண்டு. ஆகவே ஒரே காரணத்தின்மேல், அது மழையாயினும் சரி, ஷிப்டுத் தொழிலாளியாயினும் சரி, பழியைச் சுமத்துவது அறிவுடைமை ஆகாது.

பட்டறையை விட்டுப் புறப்படும்போது, இக்கணக்குகளைப் பெரியவரிடம் எளிமையாகச் சொன்னோம். கரண்டி உயரத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டே, "எங்க மேஸ்திரி அந்தக் காலத்திலேயே, பால் ஊத்துற மாதிரி ஊத்துடான்னு திட்டுவாரு சார்" என்றார். பாளங்களை மழை படாமல் அடுக்கவும், உலையில் போடுமுன் சூடேற்றி உலர்த்தவும் இடம் பார்ப்பதாகச் சொன்னார். என் மாணவர்கள் ஓர் ஈர-உலர் குமிழ் வெப்பமானியை அங்கே சுவரில் மாட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். ஒதுக்கப்பட்ட வார்ப்புகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் அன்றைய காற்றின் ஈரத்தையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆர்ச்பட்டும் ரான்ஸ்லியும் செய்தது அடிப்படையில் இதுதான்: கண்டதைக் குறித்து வைத்தார்கள், பின்பு ஏன் என்று கேட்டார்கள். நம் மழைக்கும் நம் உலைக்கும் பொருந்தும் எண்களை, நம் பட்டறையில் நாமே எழுதிச் சேர்த்தாக வேண்டும்.